அகராதிக்காரர் வீட்டுச் சாமான்

அகராதி என்ற பட்டப்பெயர் அவருக்கு வேலையால் வந்ததில்லை. சின்ன வயசில் அம்மா ஒரு வேலை சொன்னால், செய்வதற்கு முன்னால் இவர் நாலு கேள்வி கேட்பார். "அகராதி புடிச்சவன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். பிற்பாடு அவர் நிஜமாகவே ஆங்கிலம்–தமிழ் அகராதி போடுகிற பதிப்பகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். சேதி கேட்ட சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவே இல்லை.

ஆனால் வேலையில் ஊற ஊற, கேள்வி கேட்கிற பழக்கம் காகிதத்தோடு நின்றுபோனது. காலையில் போனால் மாலை வரைக்கும் ஒரு சொல்லைப் பிடித்து உலுக்கி, அது எங்கிருந்து வந்தது, யார் யார் வாயில் எப்படியெல்லாம் மாறியது என்று துருவிக்கொண்டே இருப்பார். வீட்டு வாசல்படி ஏறினால் வாய்க்குப் பூட்டு.

மனைவி நேர்மாறு. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்தவள். கண்ணாடியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக ஊர் உலகத்தோடு பேசிவிட்டு வருவாள். வந்தும் பேச்சு தீராது. அழுதுகொண்டே டிக்கெட் கேட்ட பெண், எந்த ஊருக்குப் போவதென்று முடிவு செய்யாமலே வரிசையில் நின்ற மனுஷன், மாமியாரை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பாட்டுப் பாடிக்கொண்டே போன மருமகன் என்று கதை கதையாக வைத்திருப்பாள். அவர் "ம்" கொட்டுவார். அந்த "ம்"மிலேயே பல தினுசு உண்டு. சாப்பாடு போதும் என்பதற்கு ஒன்று, விளக்கை அணை என்பதற்கு ஒன்று. அத்தனைக்கும் அவள் அர்த்தம் பழகி வைத்திருந்தாள். தட்டில் சோறு போடும்போதுகூட பழக்க தோஷத்தில் "அடுத்து?" என்பாள்.

ஒருமுறை கேட்டாள்: "நாள் முழுக்க வார்த்தைங்களோடதான் இருக்கீங்க. வீட்டுக்கு வர்றப்ப ஒண்ணு ரெண்டாவது எடுத்துட்டு வரக் கூடாதா?"

நல்ல நகைச்சுவை என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கவனிக்கவில்லை.

அவள் ஓய்வு பெற்ற வருஷமே வேறு ஊரில் இருக்கிற மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஒரே ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனாள். மூன்று மாதம் என்று பேச்சு. பிறகு குழந்தைக்குச் சளி, மகள் திரும்பவும் வேலைக்குப் போக வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் சரியாக அமையவில்லை என்று நாள் நீண்டுகொண்டே போனது. இவரும் ஒன்றும் கேட்கவில்லை. முட்டையை வேகவைக்கப் பழகினார். சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டார். தேய்ப்பதில் ஒரு கை மட்டும் எப்போதும் சுருங்கியே இருக்கும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஏதோ."

"நான் ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"சொல்லு."

"நான் இங்கயே இருந்துடலாம்னு பாக்குறேன்."

"இன்னும் எவ்வளவு நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்லைங்க. இங்கயேதான்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "நமக்குள்ள சண்டை ஒண்ணும் இல்லையே" என்றார்.

"இல்லைங்க. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்ல. ரெண்டு பேரும் நாலு வார்த்தை பேசியிருப்போம்." அவள் குரலில் சூடு இல்லை. பல நாள் யோசித்து, ஆறவைத்து எடுத்துவந்த பேச்சு அது. "இங்க எதிர்வீட்டு அம்மா இருக்காங்க, கீழ் வீட்டுல ஒரு டீச்சர் இருக்காங்க, சாயங்காலம் எல்லாரும் உக்காந்து பேசுறோம். எனக்கு இது நல்லா இருக்கு. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. என் சாமானை மட்டும் அனுப்பி வைங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

"எதெல்லாம்?"

"என்னோடது எதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் அவர் நினைத்தார். போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது, சத்தியமாகத் தெரியவில்லை.

அந்த வாரம் அலுவலகத்தில் எஸ் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கில அகராதியில் எஸ் ஒரு கடல். இறங்கினால் கரையேற வருஷங்கள் ஆகும். அவருக்கு வந்து சேர்ந்த சொல் ஸ்டஃப். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். பையில் இருப்பதும் ஸ்டஃப், மண்டையில் இருப்பதும் ஸ்டஃப், பெயர் தெரியாத எதுவும் ஸ்டஃப்.

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. மொத்தம் மூன்று பேர். தலைமைப் பதிப்பாசிரியரை அவர் முதுகுக்குப் பின்னால் கத்தரி என்பார்கள். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுவார். இன்னொருத்தி கணினியில் பக்கம் கட்டுகிற பெண். சிரித்த முகம், சட்டென்று வாய் பேசுகிற குணம்.

கத்தரி எட்டிப் பார்த்தார். "இதுல என்ன இருக்கு? பொருள், சாமான். ரெண்டு வரி. அடுத்ததுக்குப் போங்க."

"பொருள்னு மட்டும் போட்டா, அர்த்தம்கிற பொருளான்னு குழம்புவாங்க சார்" என்றார் அகராதி. "நம்ம சொல்லுக்கே மூணு முகம். பண்டமும் பொருள், பணமும் பொருள், அர்த்தமும் பொருள்."

பக்கம் கட்டுகிற பெண் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "சரக்குன்னு போடுங்க சார். அச்சு அசலா அதேதான். கடையில இருக்கறதும் சரக்கு. 'அவர்கிட்ட சரக்கு இருக்கு'ன்னா விஷயம் தெரிஞ்ச ஆள்னு அர்த்தம். இங்கிலீஷ்லயும் அப்படித்தானே சொல்றாங்க?"

"கையில பாட்டில் இருக்குன்னும் அர்த்தம்" என்றார் கத்தரி. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வாங்குற புத்தகம்மா இது."

"அவங்களுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும் சார்."

அகராதி சிரித்தார். சிரித்த கையோடு, இதை வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அவருக்கே புதுசு. சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பது அடுத்த நொடியில்தான் உறைத்தது.

அவர் அடுத்த சொல்லுக்குப் போகவில்லை. வேலை மெனக்கெட்டுத் தடித்த புத்தகங்களை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திணிப்பது, அடைப்பது என்று வினைச்சொல்லாக ஒரு பக்கம். தலையணைக்குள் போவது, மூக்கு அடைத்துக்கொள்வது, காற்றே இல்லாத அறையின் புழுக்கம் என்று அதன் பிள்ளைகுட்டிகள். ஒரு காலத்தில் ஒருவிதக் கம்பளித் துணிக்கே ஸ்டஃப் என்று பெயர். வெறும் பேச்சு, உளறல் என்று வையவும் அதே சொல். இன்னும் பின்னால் போனால், போர்வீரர்கள் இரும்புச் சட்டைக்கு அடியில் போட்டுக்கொண்ட மெத்தென்ற தைத்த துணி. இரும்பு உடம்பில் உராயாமல் இருக்க நடுவில் ஒன்று வேண்டுமே, அது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்பதுவரை சந்தேகம் இல்லை. அதற்கும் முன்னால் எங்கே என்பதில் அறிஞர்களுக்குள் இழுபறி. லத்தீனிலும் அதற்கு முன் கிரேக்கத்திலும் நாரைக் குறித்த ஒரு சொல்லில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் சிலர். சணல் மாதிரியான நாரைச் சீவும்போது நல்ல இழை போக மிஞ்சுகிற குப்பை நார். எதற்கும் உதவாத அந்த நாரைத்தான் ஓட்டையிலும் இடுக்கிலும் வைத்து அடைப்பார்களாம்.

கழித்துப் போட்ட நார்தான் கடைசியில் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. அவர் அதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் வேறொரு வேலை காத்திருந்தது. அட்டைப் பெட்டிகளை வாங்கிவந்து கூடத்தில் வைத்திருந்தார். முதலில் சுலபமானவை. அவளுடைய துணிமணி, மூக்குக்கண்ணாடி, தையல் மெஷின். பிறகு சமையலறை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தால் அதை வாங்கியது அவள், பிடி உடைந்தபோது திருகாணி போட்டவள் அவள், எந்தத் தட்டில் யாருக்குப் போடுவது என்று வைத்தவளும் அவள். திரைச்சீலை அவள் தேர்ந்தது. நாற்காலி அவளுடைய முதல் போனஸில் வந்தது. தன்னுடையது என்று அவரால் சொல்ல முடிந்தது ஓர் அலமாரிப் புத்தகம், ஒரு மேசை விளக்கு, உடுப்பு. அவளுடைய சாமானை அனுப்பிவிட்டால், வீடு என்று சொல்ல மீதி இருப்பது நாலு சுவர்.

போன் போட்டார். "அந்தப் பெரிய வாணலி?"

"அது எதுக்கு எனக்கு? நீங்க சமைக்க வேணாமா?"

"ஒரு முட்டைக்கு அவ்வளவு பெரிய வாணலி எதுக்கு?"

"சரி, அனுப்புங்க."

"திரைச்சீலை?"

"ஜன்னலை மொட்டையாவா விடப் போறீங்க? அது இருக்கட்டும்."

இப்படியே ஒவ்வொன்றுக்கும் நடந்தது. ஏலம் விடுகிற மாதிரி ஆரம்பித்து, நீ எடுத்துக்கோ, நீங்க வெச்சுக்கோங்க என்று இரண்டு பேரும் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை போட்டுப் பிரித்துக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

பரணில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தால் உதிரிச் சாமான்கள். மூன்று சக்கரம் மட்டும் மிஞ்சிய பொம்மைக் கார், ஒற்றைக் கையுறை, சிவப்புப் பொத்தான், ஊதினால் சத்தம் வராத விசில், யாருடைய வீட்டுக்கோ உரிய சாவி. டிக்கெட் ஜன்னலின் திட்டில் பயணிகள் விட்டுப் போனவை. யாராவது தேடி வருவார்கள் என்று எடுத்து வைத்து, யாரும் வராமல் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டவை. ஒவ்வொன்றைக் கொண்டுவந்த அன்றும் அவள் அதன் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே "ம்" கொட்டியிருக்கிறார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதைகளில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. ஒரு சொல் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எந்தத் துறைமுகத்தில் ஏறி இறங்கியது என்று தெரிந்த மனுஷனுக்கு, தன் வீட்டுப் பரணில் இருக்கிற பொத்தான் யாருடையது என்று தெரியவில்லை.

போன் எடுத்ததும் அவள் "இப்ப எது?" என்றாள்.

"பிஸ்கட் டப்பா. பரண்ல இருந்தது."

"ஐயோ, அதைத் தூக்கிப் போட்டுடுங்க. வெறும் குப்பை."

"இந்த மூணு சக்கரக் கார் யாரோடது?"

"அதான் சொல்லியிருக்கேனே."

"சொல்லியிருக்கே. நான் கேக்கல."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு தகப்பனும் குழந்தையும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். தகப்பன் பெரியவர் டிக்கெட் ஒன்று, குழந்தை டிக்கெட் ஒன்று கேட்டான். போவதற்கு மட்டுமா, திரும்பி வரவுமா என்று இவள் கேட்டாள். "எனக்கு மட்டும் திரும்பி வர" என்றான். குழந்தை ஒன்றும் புரியாமல் ஜன்னல் திட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தது. வண்டி கிளம்புகிற நேரம், அவசரத்தில் காரை விட்டுவிட்டார்கள். இவள் ஜன்னலை மூடிவிட்டு நடைமேடைக்கு ஓடினாள், வண்டி போய்விட்டது. ஜன்னலை மூடியதற்கு மேலதிகாரியிடம் திட்டு வாங்கினாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்" என்றாள். "குளியலறையிலதான். உங்களுக்குத் தெரியாது."

அவர் பொத்தானைக் கேட்டார். சாவியைக் கேட்டார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கேட்கக் கேட்க, அவள் குரலில் பழைய ஓட்டம் வந்தது. விசிலின் கதையில் அவளே சொல்ல முடியாமல் சிரித்தாள். அவரும் சிரித்தார். எல்லாம் முடிந்த பிறகும் அவருக்கு போனை வைக்க மனசு வரவில்லை.

"ஆபீஸ்ல இப்ப ஸ்டஃப்னு ஒரு சொல் வந்திருக்கு" என்றார்.

"ம்" என்றாள் அவள்.

இரும்புச் சட்டையைச் சொன்னார். கம்பளியைச் சொன்னார். நாரைச் சொன்னார். பக்கம் கட்டுகிற பெண் சரக்கு என்று சொன்னதையும் கத்தரி முகம் போன போக்கையும் சொன்னார். நடுநடுவே தடுமாறினார். பேசிப் பழக்கம் இல்லாத வாய். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நல்லா இருக்கே" என்றாள் கடைசியில். "இதையெல்லாம் இத்தனை வருஷம் எங்க வெச்சிருந்தீங்க?"

"ஆபீஸ்லயே வெச்சுட்டு வந்துட்டேன்." பிறகு, அவரை அறியாமல், "அப்ப, வர்றியா?" என்று கேட்டுவிட்டார்.

"இல்லைங்க" என்றாள். அதை அவள் மென்மையாகச் சொன்ன விதம், கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றும்படி இருந்தது. "இன்னிக்கு நீங்க பேசினது எனக்கு ரொம்ப சந்தோஷம். பொய் சொல்லல. ஆனா நான் இங்க வேர் விட்டுட்டேன். திரும்பப் பிடுங்காதீங்க."

சாமான்களை ஒரு சின்ன வேனில் ஏற்றி, டிரைவருக்குப் பக்கத்தில் அவரே உட்கார்ந்துகொண்டு போனார். டிரைவர் வழியில் "வீடு மாத்துறீங்களா சார்?" என்று கேட்டார். பாதி வீட்டை மாற்றுவதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், ஆமாம் என்றார்.

மகள் வீடு கலகலப்பாக இருந்தது. எதிர்வீட்டு அம்மா வந்து பெட்டிகளைத் திறக்கக் கை கொடுத்தார். தையல் மெஷினைப் பார்த்ததும் கீழ்வீட்டு டீச்சர் தன் மகளின் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மனைவி ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டு, இடுப்பில் பேத்தியை வைத்துக்கொண்டு, எதை எங்கே வைப்பது என்று ஏவிக்கொண்டிருந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. சமீபத்தில் அவளை இப்படிப் பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லை. பேத்தி அவரைப் பார்த்து முதலில் அழுதது, அப்புறம் அவருடைய பேனாவைப் பிடுங்கிக்கொண்டது.

சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "அப்பா, நீங்களும் இங்கயே இருந்துடலாமே. அங்க தனியா என்ன பண்ணப் போறீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தட்டில் எதையோ ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதில் எத்தனை வகை உண்டு என்று அவருக்கா தெரியாது?

"வேலை கெடக்கும்மா" என்றார். "எஸ் இன்னும் முடியல."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது. கிளம்பும்போது அவருடைய காலரைச் சரிசெய்துவிட்டு, "இந்தக் கையைத் தேய்க்கவே இல்லையா?" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை பேசுங்க. சும்மா சாப்பிட்டேன்னு மட்டும் சொல்லக் கூடாது, என்ன?"

பேசினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சொல்லைத் தயாராக வைத்துக்கொண்டு பேசினார். அவளும் ஆவலாகக் கேட்டாள். முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் நடக்காத பேச்சு, இரண்டு ஊருக்கு நடுவில் நடந்தது. பிறகு போனை வைத்துவிட்டு அவள் தன் கூட்டத்துக்குப் போய்விடுவாள். இவர் வைத்த போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜன்னலில் திரைச்சீலை இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. இருமினால்கூட அந்தச் சத்தம் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பியது.

எஸ்ஸும் மீதி எழுத்துக்களும் ஒருவழியாக முடிந்து அகராதி அச்சுக்குப் போனது. ஸ்டஃபுக்கு ஆறு பொருள் போட கத்தரி ஒத்துக்கொண்டார். சரக்கும் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டது. ஆனால் நார் வரியை அடித்துவிட்டார்.

"அது இருக்கட்டும் சார்" என்று அகராதி எழுந்து நின்று கேட்டார். அவர் எதற்கும் எழுந்து நின்று கேட்டதில்லை.

"உறுதியில்லாததைப் போட வேணாம்யா. பக்கமும் நிரம்பி வழியுது."

கத்தரி சொன்னது நியாயம்தான். அவர் உட்கார்ந்துவிட்டார். பக்கம் கட்டுகிற பெண் மட்டும் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

டீ குடிக்கும்போது கடைசியாக இருந்த கோப்பையும் ஒருநாள் கைதவறி உடைந்தது. மறுநாள் மாலை பாத்திரக் கடைக்குப் போனார். கோப்பை என்றால் ஒரு கோப்பை என்று நினைத்திருந்தார். சுவர் நிறைய அடுக்கியிருந்தார்கள். உயரமானது, குட்டையானது, பூப்போட்டது, கோடு போட்டது.

"என்ன கலர்ல சார் வேணும்?" என்று கடைப் பெண் கேட்டாள்.

தனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பச்சையை எடுத்தார், வைத்தார். நீலத்தை எடுத்தார். கடைப் பெண் இன்னொருவரைக் கவனித்துவிட்டுத் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுல கேட்டுட்டு வர்றீங்களா சார்?"

"இல்லம்மா. எனக்குத்தான்" என்று சொல்லி, கைக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் கோப்பையைக் காட்டினார். அவள் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

மஞ்சள் தனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பது வீட்டுக்கு வந்து காகிதத்தைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. பரவாயில்லை, ஒன்று தெரிந்ததே என்று அடுப்பைப் பற்றவைத்து, அதிலேயே டீ ஊற்றிக் குடித்தார்.